ஹோதனின் அம்மா வெள்ளை உடுத்திய மாதங்கள்

எங்கள் வகுப்புக்கு ஹோதன் புதிதாக வந்து சேர்ந்தபோது எங்கள் ஆசிரியை, மெத்ரெஸ், அவளை என் பக்கத்தில்தான் இருத்தினார். நீங்கள் இரண்டு பேரும் தூரத்திலிருந்து வந்தவர்கள், ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்வீர்கள் என்றார். நான் வந்த தூரம் இரண்டு தெரு. பிரெஞ்சுத் தலைநகரத்தில் லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் பிறந்து, ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவள் நான். யாழ்ப்பாணத்தை அப்போது சுவர்க் கலண்டரில் மட்டும்தான் கண்டிருந்தேன். ஆனாலும் மெத்ரெஸின் மனதை நோகடிப்பானேன் என்று, தூரத்திலிருந்து வந்தவள் போலவே முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஹோதன் உண்மையாகவே தூரத்திலிருந்து வந்தவள். சோமாலியா என்ற பெயரை மெத்ரெஸ் தேசப்படத்தில் தொட்டுக் காட்டியபோது, இலங்கையிலிருந்து ஒரு கடலைத் தாண்டினால் போதும்போல இருந்தது. ஒவ்வொரு சோடியும் மற்றவருடைய வீட்டு வாழ்க்கையைக் கேட்டறிந்து வகுப்பின் முன்னால் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட வேலை. மற்றப் பிள்ளைகள் இரண்டு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊர்ப் புதினம் கேட்கிற குணம் உண்டு, அதற்குப் பள்ளிக்கூடமே அனுமதி தந்தால் கேட்கவா வேண்டும்.

முதல் நாளே ஏமாற்றம். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டால் அவள் நகரத்துப் பிள்ளை, ஒட்டகத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் பார்த்திருக்கிறாளாம். ஆனால் அவளுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. தன் பெயர், அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவாள். அவர்கள் ஊரில் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் பாடமாக்குவார்களாம். உன்னுடையதைச் சொல் என்றாள். நான் அப்பப்பாவோடு முட்டிக்கொண்டு நின்றேன். அவள் பரிதாபமாகப் பார்த்தாள்.

சோற்றோடு வாழைப்பழம் சேர்த்துச் சாப்பிடுவோம் என்றும் சொன்னாள். அதைப் பெரிய அதிசயமாக வீட்டில் வந்து அறிவித்தேன். அம்மா முகத்தைச் சுளித்தார். "புட்டுக்குள்ள வாழைப்பழத்தைப் பிசைஞ்சு அடிக்கிற எங்களுக்கு என்ன சொல்லக் கிடக்கு?" என்று அப்பா சொன்னதும்தான் எனக்கு அது அதிசயமில்லை என்று தெரிந்தது. அடுத்த நாள் கீழ்க்கடையிலிருந்து கதலிப்பழம் இரண்டு வாங்கிக்கொண்டு போய் அவளுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதிகள்.

ஹோதனும் அவள் அம்மாவும் குட்டித் தம்பியும் அடுத்த தெருவில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்தார்கள். வீடில்லாதவர்களை நகரசபை அப்படித்தான் இருத்தும். அவள் அப்பா மட்டும் ஊரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார், பேப்பர்கள் சரிவந்ததும் அவரைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. அந்த அறைக்கு நான் முதலில் போனபோது நடைபாதை முழுவதும் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மணந்தது. ஹோதனின் அம்மா சின்னத் தூபக்கால் ஒன்றில் சாம்பிராணி போன்ற ஏதோ ஒன்றைப் புகைத்து, அதன் மேல் தன் முக்காட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். புகை போடக் கூடாது என்று ஹோட்டல்காரன் எழுதி ஒட்டியிருந்ததற்கு மரியாதையாக யன்னலைத் திறந்து வைத்திருந்தார். அவர்களுக்கு அந்தப் புகை சாமிக்கல்ல. உடுப்புக்கும் தலைமயிருக்கும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கும்தான். எனக்கும் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை மோந்து பார்த்துவிட்டு, "கோயிலுக்கே போனனி?" என்று கேட்டார்.

என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது மாமி. அப்பாவின் தங்கை. இலங்கையில் சண்டை முடிந்த பிறகு அப்பா கடன்பட்டு அவரை இங்கே எடுப்பித்திருந்தார். மாமிக்குப் பிரெஞ்சு வராது, சிரிப்பும் அவ்வளவாக வராது. காலையில் குளித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, குங்குமத்தை விரலால் தொட்டுப் பெரிதாகப் பொட்டு வைப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் வடிவாகத் தெரியாது. ஆகவே தினமும் என்னைக் கூப்பிட்டு, "நேரா இருக்கோ பிள்ளை?" என்று கேட்பார். "ஓம்" என்பேன். அதற்குப் பிறகுதான் செருப்பைப் போடுவார்.

மாமியின் கணவரான மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவர் பஸ்ஸில் போனவர், வரப் பிந்துகிறது என்பதுதான். முழுக்கதையும் பின்னால்தான் அறிந்தேன். சண்டையின் கடைசி நாளில், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்கள்கூடப் பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறைத்தால்தான் ஆபத்து என்று மாமியே மாமாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஆமிக்காரரிடம் ஒப்படைத்தார். மாமா பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கமாக இருந்து கையைக் காட்டினார். அவ்வளவுதான். பிறகு இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். யார் செத்தது என்று கேட்டுவிட்டு மாமி எழும்பி வந்துவிட்டார்.

லா சப்பலில் எங்கள் ஆட்களுக்கு மாமியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கலியாண வீடுகளுக்குப் பலகாரம் சுடக் கூப்பிடுவார்கள். ஆராத்தி எடுக்கக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் பொட்டோடு நிற்கிறவரைப் பார்த்து விலகி நில் என்று சொல்லவும் வாய் வராது. மாமியே குசினிக்குள் நின்று அவர்களுடைய சங்கடத்தைத் தீர்த்துவைப்பார். அந்த வருடம் அப்பாவும் ஒரே பிடியாய் நின்றார். "இன்னும் எவ்வளவு காலத்துக்குத் தங்கச்சி? ஐயரோட கதைச்சிட்டன். தர்ப்பையில உருவம் செய்து காரியத்தை முடிக்கலாமாம். நீயும் ஒரு முடிவுக்கு வா," என்பார். மாமி கீரையை ஆய்ந்துகொண்டே இருப்பார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: மாமிக்கு ஏதோ முடியாமல் இருக்கிறது, அதை முடித்துவிட்டால் மாமி சிரிப்பார், வீட்டில் சண்டை இருக்காது.

குளிர் தொடங்கிய நேரம் ஹோதன் சில நாட்கள் பள்ளிக்கூடம் வரவில்லை. மாமியும் நானும் போய்ப் பார்த்தோம். அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். நடுவில் ஹோதனின் அம்மா தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தி இருந்தார். நான் எதையும் ஊகிக்கவில்லை. மாமி அந்த வெள்ளையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார், அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஊரில் லொறி பிரண்டு அப்பா செத்துப்போனார் என்று ஹோதன் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று மாமி அன்றைக்கே வீட்டுக்கு வந்து இடியப்பம் அவித்து, சொதி வைத்து, சம்பலும் இடித்துக் கொண்டுபோனார். அந்தப் பெண்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, எங்களுக்கு அவர்கள் வழக்கம் தெரியாது. இடியப்பத்தை அவர்கள் ஒருவகைப் பாஸ்தா என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, விரும்பிச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது நான் பழக்கதோஷத்தில் "நாளைக்கு வாறோம்" என்று பிரெஞ்சில் சொல்லப் போக, மாமி என் கையில் நுள்ளினார். செத்தவீட்டில் போய்வருகிறோம் என்று சொல்லக் கூடாதாம். சொல்லாமல் இறங்கி வந்தோம். எங்களுக்கு மரியாதை தெரியாது என்று அந்தப் பெண்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஹோதனையும் மாமிதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் அம்மா அநேகமாக வெளியில் வருவதில்லை. வெள்ளை உடுப்பு, மருதாணி இல்லை, வாசனை இல்லை, அந்தத் தூபக்காலும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். நாலு மாதமும் பத்து நாளும் என்றாள் ஹோதன். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு முடிந்துவிடும் என்றாள். முடிந்துவிடும் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முடிந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமி என்னை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். புறநகரான பொபினியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். ஹோதனின் அம்மாவை முழுகவைத்து, எண்ணெய் பூசி, கைக்கு மருதாணியிட்டு, செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய நீளச் சட்டை ஒன்றை உடுத்திவிட்டிருந்தார்கள். தூபக்கால் மறுபடியும் வெளியில் வந்திருந்தது. பேரீச்சம்பழம், ஏலக்காய்த் தேநீர், கையில் ஒட்டுகிற அல்வா. ஒருத்தி தண்ணீர்க் கலனைக் கவிழ்த்து மேளம் அடிக்க மற்றவர்கள் கைதட்டிப் பாடினார்கள். ஹோதனின் அம்மா பாடவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தப் புகையைப் பிடித்தார். மாமி வழக்கம்போல வாசலில்தான் நின்றார். அந்தப் பெண்கள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சேலைத் தலைப்புக்குப் புகை பிடித்தார்கள். மாமி அசையாமல் நின்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, எனக்கு அல்வாவில் கண்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் அம்மாவும் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எல்லோரும் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த வழியை நான் ஹோட்டல் அறையில் கண்டுபிடித்து வந்திருந்தேன்.

"மாமி, நீங்களும் வெள்ளை உடுங்கோவன். நாலு மாசம்தான். பேந்து எல்லாம் முடிஞ்சிடும். புதுச் சட்டை போட்டு, பாட்டெல்லாம் படிப்பினம்."

அம்மாவின் கை என் வாயில் விழுந்தது. "வாயைப் பொத்தடி சனியன்!" அப்பா கோப்பையை வைக்க இடம் தேடுபவர்போல மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியாதையுங்கோ மச்சாள், குழந்தைப்பிள்ளை," என்றார் மாமி. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, வாயைத் தடவிவிட்டார். அவர் கையில் இன்னும் அந்தப் புகை மணந்தது.

"ஹோதனின்ர தகப்பன் செத்துப்போனார் எண்டு அவைக்கு ஆர் பிள்ளை சொன்னது?"

"அவளின்ர சித்தப்பா ரெலிபோன் எடுத்தவர்," என்றேன் விம்மிக்கொண்டு.

"அவர் கண்டவராமோ?"

"ஓம். அவர்தானாம் குளிப்பாட்டினவர். தாட்ட இடத்தைப் படம் எடுத்தும் அனுப்பினவர். ஹோதன் எனக்குக் காட்டினவள். சுத்திவரக் கல்லு வைச்சிருக்கு."

"தாட்ட இடமும் தெரியும்," என்றார் மாமி, அப்பாவைப் பார்த்து. மாமி கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "குடுத்து வைச்ச மனிசி," என்றார்.

எனக்கு வாய் எரிவு போய்விட்டது. அந்தச் செம்மஞ்சள் சட்டையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமிக்கும் ஆசை இருக்கிறது, வெளியில் சொல்லக் கூச்சம், எப்படியும் ஒரு நாள் சம்மதிப்பார் என்று தீர்மானித்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. நான் புத்தகப்பையோடு கதவடியில் நின்றேன். மாமி குளித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பொட்டு வைத்தார்.

"நேரா இருக்கோ பிள்ளை?"

அன்றைக்கு நேராக இல்லை. "சரிஞ்சிருக்கு மாமி," என்றேன்.

துவாயின் நுனியை நனைத்து முழுவதையும் அழித்தார். நெற்றியில் பொட்டில்லாமல் மாமியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குங்குமச் சிமிழை எடுக்கப் போனவர் அதை எடுக்காமல், மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சுவர்க் கண்ணாடிக்குக் கிட்டப் போய்த் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமாக என்னதான் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"கெதியா வையுங்கோ மாமி," என்று கத்தினேன். "நேரம் போகுது. ஹோதன் பாத்துக்கொண்டு நிப்பாள்."