பசை தடவிய மெத்தை

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும்போது மகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாவின் நகங்களில் எப்போதும் கோதுமை மாப் பசை காய்ந்திருக்கும். பழஞ்சேலைகளை அடுக்கி மெத்தை தைக்கையில், துணி விலகாமலிருக்கக் குண்டூசி குத்தமாட்டார், பசைதான் தடவுவார். தைத்து அலசினால் பசை கரைந்துவிடும்.

ஜன்னல் வழியே பனி உள்ளே மிதந்து வந்த ஒரு காலையில், அலசிக் காய்ந்த மெத்தை முழுவதும் கண்மூடிக் கன்னத்தைப் பதித்துப் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குண்டூசியே குத்தலையே ஆயாம்மா, என்னத்தத் தேடுறீங்க?"

"எனக்குத் தெரியுது புள்ள. கன்னத்துக்குத் தெரியலையே."

பிறகுதான் என் மகளை வாங்கிக் கிடத்தினார்.

எதற்காக அந்தப் பயம் என்று நான் கேட்கவேயில்லை. அன்று மாலை எங்கள் லயத்து வீட்டில் மகளைப் படுக்கவைக்கும் முன், என் கன்னமும் பாயில் படிந்தது.