மனோகருக்குப் போர்த்த பொன்னாடை

சனிக்கிழமை காலை 7.40. வுப்பர்டால் நிலையத்தில் நானும் மகளும் ரயிலுக்காக நின்றோம். என் கையில் சாப்பாட்டுப் பை, அவள் முதுகில் பேஸ் கிட்டார். மியூனிக் இங்கிருந்து கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். கொலோனில் ஒருமுறை மாறி ஏற வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்ததால் ஆளுக்கு 39 யூரோ 90.

சென்னையிலிருந்து திரைப்பாடல் இசைக்குழு ஒன்று ஐரோப்பாவைச் சுற்ற வந்திருந்தது. முதல் நிகழ்ச்சி மியூனிக்கில். பன்னிரண்டு கலைஞர்கள் என்று போஸ்டர் அடித்திருந்தார்கள். வந்தது பதினொரு பேர். பேஸ் கிட்டார் வாசிக்கும் மனோகர் என்பவருக்கு விசா கிடைக்கவில்லை. அமைப்பாளர் குகன் ஊரூராகத் தொலைபேசி எடுத்து, கடைசியில் என் மகளைப் பிடித்தார். இருபத்திரண்டு பாட்டு, மூன்று வாரம் அவகாசம்.

அவளுக்கு இருபத்தாறு வயது. காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் வேலை. மாலை ஆறரைக்கு வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. அந்தப் பாட்டுகளில் பாதி அவள் பிறக்கும் முன்னரே வந்தவை. தமிழ் வரிகளை ஜெர்மன் எழுத்தில் எழுதி, எங்கே எந்தத் தந்தி என்று பக்கத்தில் குறித்து, ஒரு கொப்பி முழுக்க நிரப்பினாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறேன். அவள் குறித்ததில் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் ஒரு பாட்டைக்கூடப் பாதியில் விடவில்லை என்பது விளங்கியது.

ரயிலில் எதிரே இருந்த ஜெர்மன் அம்மா கிட்டார் பையைப் பார்த்து, நீ பிரபலமானவளா என்று கேட்டார். நாளைக்குத் தெரியும் என்றாள் மகள்.

பகல் 1.15. மியூனிக். நிலையத்துச் சுவரெல்லாம் இசை நிகழ்ச்சிப் போஸ்டர்கள். அயர்லாந்திலிருந்து ஒரு குழு, பிரேசிலிலிருந்து ஒரு குழு, எங்கள் வாயில் நுழையாத பெயருடன் ஐஸ்லாந்திலிருந்து ஒன்று. சுற்றி வருகிற குழுக்கள் எல்லாம் இந்த ஊரில் ஒருநாள் இறங்கியே ஆகும்போலிருக்கிறது. மரியென்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஹங்கேரிக்காரர் மூவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தெருவில் வாசிக்கவும் நகரசபையில் வாசித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டுமாம். எழுபது எண்பது பேர் குளிரில் நின்று கேட்டார்கள். யாரும் கதைக்கவில்லை. நாங்களும் மூன்று பாட்டுக்கு நின்றோம்.

மாலை நான்கு மணிக்கு மண்டபத்தில் ஒத்திகை. நகரத்துக்கு வெளியே, எஸ்-பான் ரயிலில் இருபத்தைந்து நிமிடம். மகள் முதல் பாட்டை வாசித்து முடித்ததும் டிரம்ஸ் வாசிக்கும் சென்னைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க பொண்ணு இல்லேன்னா நாளைக்கு ஷோவே இல்ல" என்றார். சிரித்துவிட்டு நின்றேன்.

அன்று இரவு மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் தங்கினோம். அங்கே ஒரு துண்டுத் தாளில் மகளின் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அறிவிப்பாளர் தவறாக வாசித்துவிடக் கூடாதே.

ஞாயிறு 2.30. டிக்கெட் 45 யூரோ, முன்வரிசை 90. மூன்று மணிக்குத் தொடக்கம் என்று அடித்திருந்தது. மூன்று மணிக்கு மண்டபத்தில் என்னோடு சேர்த்து முப்பது பேர் இருந்திருப்போம். சனம் ஐந்துக்குத்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஐந்துக்குத்தான் தொடங்குவார்கள் என்று சனத்துக்குத் தெரியும். நேரத்துக்கு வருபவன்தான் மடையன். எட்டு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

குகனைத் தேடிப் போய்த் தாளைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அண்ணை, பிழையா நினையாதேங்கோ. போஸ்டரிலை சென்னையிலை இருந்து பன்னிரண்டு பேர் எண்டு போட்டாச்சு. வுப்பர்டால் பிள்ளை எண்டு மைக்கிலை சொன்னா, இதுக்கோ நாப்பத்தைஞ்சு யூரோ எண்டு சனம் கேக்கும். பிள்ளை வாசிக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது?"

நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் என் மீதே எனக்கு எரிச்சல்.

விளக்கேற்ற எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் பட்டம், தொழில், கடையின் பெயர். பிறகு நான்கு உரைகள். இசையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாட்டு 5.50க்குத் தொடங்கியது. பிரமுகர்களுக்கு மேடையிலேயே நாற்காலி போட்டதால் மகளைப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். மூன்றாம் வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்தது கிட்டாரின் கழுத்தும் அவளுடைய இடது கையும் மட்டும். ஆனால் அவள் வாசித்தபோது என் நாற்காலி அதிர்ந்தது. முன்னால் இருந்த ஒருவர் மனைவியிடம் சொன்னார்: "பேஸைக் கேளும். இதுதான் சென்னைக்காரன்."

அவருடைய தோளைத் தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை.

இடையில் குலுக்கல். பிறகு ஒரு நகைக்கடைக்காரருக்கு மதிப்பளிப்பு. இருபத்திரண்டு பாட்டில் பதின்மூன்றுதான் முடிந்தது. ஒன்பது பாட்டு அவளுடைய கொப்பியிலேயே கிடந்தது.

7.30க்குக் கலைஞர்களுக்குப் பொன்னாடை. அறிவிப்பாளர் போஸ்டரைக் கையில் வைத்து வரிசையாக வாசித்தார். கீபோர்ட், தபேலா, புல்லாங்குழல். ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். பிறகு, "பேஸ் கிட்டார், சென்னை புகழ் மனோகர்" என்றார். சனம் கைதட்டியது.

மகள் கிட்டாரோடு பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள். பொன்னாடையை ஏந்திய அந்த நகைக்கடை முதலாளி மனோகரைத் தேடினார். அவளைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், அவளைத் தாண்டிப் போனார். அங்கே ஒரு ஜெர்மன்காரர் குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார், ஒலியமைப்பு வேலையாள். முதலாளி அவருடைய தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். அவர் நிமிர்ந்து, என்ன ஏது என்று தெரியாமல், "டாங்கே" என்று நன்றி சொன்னார்.

மண்டபம் சிரித்தது. டிரம்ஸ்காரர் குனிந்து தன் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "மனோகர் வரேல்லை" என்றேன். சத்தம் போதவில்லை. மறுபடி சொன்னேன். "மனோகர் வரேல்லை. வாசிச்சது அந்தப் பிள்ளை. பிள்ளையின்ரை பேரைச் சொல்லுங்கோ."

எல்லோரும் திரும்பினார்கள். அறிவிப்பாளர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "அண்ணை, இருங்கோ. நேரம் போயிட்டுது" என்றார். பின்னாலிருந்து யாரோ, "தண்ணி போட்டிட்டு வந்திட்டினம்" என்றார்கள். நான் வாழ்க்கையில் ஒரு சொட்டும் குடித்ததில்லை. உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பெயரை வாசித்தார்கள்.

திங்கள் காலை 8.20. திரும்பும் ரயில். மகள் வேலைக்கு ஒருநாள் விடுப்பு எடுத்திருந்தாள். நியூரன்பெர்க் தாண்டும்வரை நான்தான் பேசினேன். குகனைத் திட்டினேன், போஸ்டரைத் திட்டினேன், விளக்கேற்றிய எட்டுப் பேரையும் தனித்தனியாகத் திட்டினேன். தெருவில் நிற்கிறவனையும் வாயடைத்துக் கேட்கிற ஊருக்குப் போய், எங்கள் பிள்ளையை நாங்களே ஒளித்து வைத்தோமே என்றேன்.

அவள் யன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"அப்பா, நேற்று எழும்பினீங்கள்தானே. ஏன் நீங்களே என்ரை பேரைச் சொல்லேல்லை? அவையளைத்தானே சொல்லச் சொன்னீங்கள்."

எனக்கு அது தோன்றவே இல்லை. இருநூறு பேர் திரும்பிப் பார்த்த அந்த நேரத்தில், சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். அதைச் சொல்லவும் மேடையில் நிற்பவனிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

"பரவாயில்லை" என்றாள். "அடுத்த Auftritt-க்கு வாங்கோ." அவள் வழக்கமாக வாசிக்கும் குழு அடுத்த மாதம் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் மேடையேறுகிறது.

பகல் ஒன்றரைக்கு வுப்பர்டால் வந்து சேர்ந்தோம். அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன். மியூனிக் நிகழ்ச்சிக்கு வந்து, எனக்கு முன்னால் இருந்து பேஸை ரசித்த அந்த ஐயா இதைப் படிப்பாரோ தெரியாது. படித்தால் அறிந்துகொள்ளட்டும். அன்று பதின்மூன்று பாட்டுக்கும் பேஸ் கிட்டார் வாசித்தவர் வுப்பர்டாலைச் சேர்ந்த ஆரணி சிவபாலன்.