கழுத்தில் தொங்கிய விசில்

வனப் பூங்காவின் அருவி மேட்டில் பதினாறு வருஷமாகக் காவல் நிற்பவரை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதை அவர் மனைவியே மறந்திருப்பாள். ஆறடி ஆள். இரும்புப் பிடி. அருவியைப் பார்க்கவென்று நாள் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, அதே அருவிக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிற புத்திசாலி ஜனங்களைத் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் வைத்திருப்பதுதான் அவர் வேலை. அந்தப் பக்கம் பாசி பிடித்த பாறை பத்துப் பதினைந்து தப்படி, அப்புறம் இருநூறு அடிப் பள்ளம்.

பள்ளத்துக்குள் போனவர்களை மேலே கொண்டுவருவதும் அவர்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்கி, கிடைத்ததைக் கித்தான் பையில் சேர்ப்பார். ஒருமுறை ஒரு கையை மட்டும் தேட ஒன்றரை நாள் ஆயிற்று. மீன்கள் முந்திக்கொண்டிருந்தன.

கம்பியைத் தாண்டுபவர்களைப் பார்த்தால் முதலில் விசில், அப்புறம் வாய்ச்சொல், கை மட்டும் படவே கூடாது. பூங்காவின் விதி அது. ஆனால் கடந்த மூன்று வருஷமாக அவர் விசிலை ஊதுவதே இல்லை. அது சும்மா கழுத்தில் தொங்கும். எவனாவது கம்பியைத் தாண்டினால் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் போவார். சட்டைக் காலரோ, பெல்ட்டோ, தலைமுடியோ, கைக்கு வந்ததைப் பிடித்து இழுத்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் எறிவார். எறிந்த சூட்டோடு கன்னத்தில் ஒன்று விடுவார்.

“செத்துருப்படா நாயே!”

புதுப் பெண்டாட்டி எதிரில் அறை வாங்கிய மாப்பிள்ளையில் ஆரம்பித்து ஒன்பது பேர் புகார் கொடுத்தார்கள். உயிரோடு இருப்பவர்களால்தானே புகார் கொடுக்க முடியும்? பத்தாவதாக வந்தவர் ஒரு கம்பெனி மேனேஜர். விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தவரை விசில் இழுத்துப் போட்ட வேகத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்தது, கம்பியில் மோதி இரண்டு பல் தெறித்தது. மேனேஜர் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வக்கீலுக்குப் போன் போட்டார்.

ரேஞ்சர் நல்ல மனுஷன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“முதல்ல விசில் ஊதினேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“ஊதலை சார்.”

“ஏன் ஊதலைன்னாவது சொல்லித் தொலை!”

விசில் ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். வீட்டில் மனைவி விட்டாளா?

“வாயைத் தைச்சா வச்சிருக்கீங்க? வேலை போனா இந்த குவார்ட்டர்ஸும் போயிடும். சட்டி பானையைத் தூக்கிட்டு எங்க போறது?”

சொல்வதற்கு ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தியது.

பத்தொன்பது வயதுப் பெண். கம்பியைத் தாண்டிப் போய் விளிம்பில் நின்றிருந்தாள். போட்டோ கூட எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் நின்றாள். இருபதடி தூரத்திலிருந்து விசில் முழு மூச்சையும் திரட்டி ஊதினார். அவள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். வகுப்பில் வாத்தியார் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளையின் முகம். திரும்பிய காலடியில் பாசி. முதல் பாறையில் மண்டை மோதிய சத்தம் அருவி இரைச்சலையும் மீறிக் கேட்டது. இறங்கிப் போய் அள்ளியவரும் அவரேதான். முகத்தில் பாதி இல்லை.

‘காவலர் விசில் ஊதி எச்சரித்தும் அந்தப் பெண் பொருட்படுத்தவில்லை’ என்று அறிக்கை எழுதினார்கள். கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டார். கோழைத்தனம்தான், வேறென்ன.

அந்தப் பெண்ணின் அம்மா ஒரு தையல்காரி. வருஷா வருஷம் அதே தேதிக்கு அருவிக்கு வருவாள். “நீ கூப்பிட்டே தம்பி, அவதான் கேக்கலை” என்று விசிலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கண்ணளவிலேயே ஒரு காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கச்சிதமான சட்டை. அதை அவர் ஒரு நாளும் போட்டதில்லை.

போன மாசம் மேற்குப் பாறையில் வேறொரு காவலர் விசில் ஊதினார். இரண்டு குழந்தைகளின் அப்பா திரும்பிப் பார்த்தார், வழுக்கினார், போனார். அதே அறிக்கை, அதே வாசகம். பையைச் சுமந்து வந்தது நம் ஆள். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

விசாரணை நாளன்று ரேஞ்சர் ஆபீசில் இரும்பு மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், கட்டுப் போட்ட கையோடு. இந்தப் பக்கம் விசில். நடுவில், ரேஞ்சர் நல்லது நினைத்து வரவழைத்திருந்த தையல்காரி.

“இவரைப் பத்தித் தப்பாச் சொல்லாதீங்க சார்” என்றாள் மேனேஜரிடம். “என் பொண்ணு சாகறப்ப இவர் கரெக்டா விசிலடிச்சாரு. அவதான் காதுலயே வாங்கலை. இவர் மேல ஒரு தப்பும் இல்லை.”

ரேஞ்சர் கண்ணைக் காட்டினார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வேலை நிற்கும், வீடு நிற்கும்.

“கேட்டா, அக்கா” என்றார் விசில்.

“என்ன தம்பி?”

“அவ கேட்டா. என் விசிலைக் கேட்டுத்தான் திரும்பினா. திரும்பினதுலதான் கால் வழுக்குச்சு. சும்மா விட்டிருந்தா அவளே வந்திருப்பா. நான்தான் கொன்னேன்.”

தையல்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முதல் அறையில் விசிலின் உதடு கிழிந்தது. அடுத்தது காதில். ஒன்பது பேரை அடித்த கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. தடுக்க வந்த ரேஞ்சரிடம், “விடுங்க சார்” என்றார். கழுத்திலிருந்த விசிலை அவள் பிடித்து இழுத்தாள். கயிறு சதையை அறுத்துக்கொண்டு அறுந்தது.

“மூணு வருஷமா அவளைத் திட்டிக்கிட்டிருக்கேன்டா! படத்துக்கு முன்னால நின்னு தினம் திட்டறேன். சொல் பேச்சுக் கேக்காத கழுதைன்னு!”

மேனேஜர் தன் கட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க ரேஞ்சர் பக்கம் திரும்பி, ரத்தம் பட்ட விசிலை மேஜைமேல் வைத்தாள்.

“இது இன்னும் எத்தனை பேர் கழுத்துல தொங்குது?”

“பதினொரு பேர்ம்மா.”

“இப்ப ஜனங்க வர்ற நேரமா?”

ரேஞ்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. வயர்லெஸ்ஸை எடுக்கக் கையை நீட்டும்போதே, அருவிப் பக்கமிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது.