கொட்டகைக்கு நான் போட்ட கையெழுத்து

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மிச்ச இரண்டும் செத்துப்போன என் நாத்தனாரின் பிள்ளைகள். டவுன் பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அங்கே பெரிய டாக்டராக இருந்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பழக்கத்தில் 'அவர்' என்று வருகிறது. மனசில் அந்த மரியாதை இல்லை.

வார்டுக்கு எதிரே ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்கள், வலி எடுத்த பிறகு ஜீப் பிடித்து இறங்கினால் பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிடும். அதனால் நாள் நெருங்கும்போதே தாயும் மகளுமாக வந்து அதில் தங்குவார்கள். மூன்று கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சுவார்கள். வலி கண்டால் பத்தடியில் வார்டு.

ஆஸ்பத்திரியை இடித்துக் கட்டப்போகிறோம், இருபது வருஷத்துக்குத் திட்டம் போடுகிறோம் என்று கூட்டம் கூட்டினார்கள். பெண்கள் சார்பில் என்னை அழைத்தார்கள். "எது போனாலும் போகட்டும், கொட்டகைய விட்டுராத ஆத்தா" என்று மலைக்காரிகள் சொல்லி அனுப்பினார்கள். மேஜை நிறைய ஒரு படம் விரித்திருந்தது.

"இதுல கொட்டகை எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

பெரிய டாக்டர் பேனாவால் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டார். "எல்லாருக்கும் இடம் இருக்கும்மா, நாங்க பாத்துக்கிடுறோம்." சொல்லிக்கொண்டே ஒரு தாளையும் மை டப்பாவையும் என் பக்கம் தள்ளினார். கிளார்க், "ஆயா, இடது பெருவிரல்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "மைய அங்கிட்டு எடு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்." எழுத்துக்கூட்டி, கோணாமல், பேரை முழுசாக எழுதினேன். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். "அடேயப்பா, என் கையெழுத்தவிட நல்லாருக்கே" என்றார் அவர். பூரித்துப்போனேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் வாசிக்கத் தெரியாதவள் என்று ஆகிவிடுமே.

கொட்டகையை இடித்த அன்று ஓடிப்போய்ச் சண்டை போட்டேன். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. ஃபைலை என் பக்கம் திருப்பினார். "கொட்டகைய எடுக்கச் சம்மதம்னு நீங்கதானம்மா போட்டிருக்கீங்க."

அந்த மழைக்காலத்தில் மலைக்காரி ஒருத்தியின் மகளுக்கு, வரும் வழியில் ஜீப்பிலேயே பிரசவம் ஆனது. பிள்ளை தங்கவில்லை. தாய்க்காரி என் வாசலில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "உன் கையெழுத்து ரொம்ப அழகாமே ஆத்தா. ஆஸ்பத்திரியில எல்லாரும் சொன்னாக."

இன்றைக்குப் புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுகிறது. கொட்டகை இருந்த இடத்தில் டாக்டர்களின் கார்கள் நிற்கின்றன. அவர் ஓய்வு பெற்று மதுரைப் பக்கம் சுகமாக இருக்கிறாராம். வயசான காலத்தில் எதற்கு வன்மம் என்று மகன் கேட்கிறான். என்னால் விட முடியாது. நான் வீம்பில் ஏமாந்தேன்; அவர் தெரிந்தே செய்தார்.

பேத்தி தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறாள்.

ஏத்தா, இரு. எழுதுனத மொதல்ல இருந்து வாசி. ஒரு வார்த்தை விடாம வாசி. எனக்கு வாசிக்கத் தெரியாது.