மங்சிர் பத்தாம் தேதி

போன வாரம் தம்பானூரில் ஒரு சின்ன ஓட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு நேபாளிப் பையன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். எதிரே தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்த போனில் அவன் அம்மா. அந்த அம்மாள் அங்கே ஏதோ கீரை ஆய்கிறாள், இவன் இங்கே வெங்காயம் அரிகிறான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பேசித் தீர்க்க வேண்டிய அவசரமே இல்லாதவர்கள் மாதிரி அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம்தான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். வயசானால் இப்படிச் சில பொய்கள் தேவைப்படுகின்றன.

என்னுடைய முதல் வேலை கோவளத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில். பாறசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். அந்தக் கண்ணாடிக் கூண்டின் வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ரிசீவரில் பீடி நாற்றம், தேங்காயெண்ணெய், வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பூசும் களிம்பு, எல்லாவற்றுக்கும் மேல் காலையில் நான் கொளுத்தும் ஊதுபத்தி. கல்யாணமான புதிதில் என் சட்டையிலேயே அந்த வாசனை அடித்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அவளுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு.

சீசன் தொடங்கும்போது நேபாளிப் பையன்கள் வந்து இறங்குவார்கள். கடலோர ரெஸ்டாரண்டுகளில் மீன் சுடுவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்கள்தான். மழை வந்தால் மணாலிப் பக்கம் போய்விடுவார்கள். தகரக் கூரை போட்ட ஒரே அறையில் ஒரு கூட்டமே படுத்துக்கொள்ளும். எல்லோருக்குமாக ஒரு நல்ல ஜீன்ஸ் இருக்கும்; யாருக்கு அன்றைக்கு அவசியமோ அவன் போட்டுக்கொள்வான். இருபது வயதுப் பையனுக்கு உள்ள கவலைகள்தான் அவர்களுக்கும். முதலாளி திட்டினான், ஊர்ப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது, தலைமுடி கொட்டுகிறது. ஆனால் அந்த வருஷங்களில் அவர்கள் நாட்டில் சண்டை. அரசாங்கத்தை எதிர்த்த காட்டுப் படைக்காரர்கள் மலைக் கிராமங்களில் படைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் திலக். அவன் வீட்டில் மிச்சமிருந்தது அம்மாவும் தங்கை பிமலாவும். நம் ஊர் விமலாதான், அங்கே பிமலா. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

திலக் பூத்துக்கு வரும்போதெல்லாம் என் முதலாளிக்குக் கொண்டாட்டம். அவர் விழிஞ்ஞத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. நேபாள வருஷக் கணக்கு நம்முடையதைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தி ஓடுவது. திலக் தான் பிறந்த வருஷத்தைச் சொன்னால் அது நமக்கு இன்னும் வரவேயில்லை.

"டேய், நீ இன்னும் ஜனிச்சதே இல்லல்லோ! பின்ன உனக்கு எதுக்குடா சாயா?" என்பார் முதலாளி. திலக் சிரித்துக்கொண்டே அந்தச் சாயாவைக் குடிப்பான்.

அவன் கிராமத்தில் போன் கிடையாது. அரை நாள் இறங்கி நடந்தால் ஒரு கடைத்தெரு, அங்கே ஒரே ஒரு போன் வைத்த கடை. இன்ன தேதிக்கு வந்து இரு, நான் கூப்பிடுகிறேன் என்று ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புவான். தேதி என்றால் அவர்கள் தேதி. கோவளத்தில் நேபாளப் பஞ்சாங்கத்துக்கு எங்கே போவது? ஒரு நாள் பூத்தில் தொங்கிய மலையாளக் காலண்டரையே முறைத்துக்கொண்டு நின்றான். அதில் இங்கிலீஷ் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் மலையாள மாசத் தேதியும் இருக்கும்.

"அண்ணா, நோக்கு! எங்க மங்சிரும் உங்க விருச்சிகமும் ஒண்ணுதான். ஒரே நாள் தொடங்குது!"

இரண்டும் நம் கார்த்திகைதான். பரீட்சையில் முதலாவதாக வந்தவனைப் போல அவன் முகமெல்லாம் வெளிச்சம். அன்றிலிருந்து கடற்கரையிலுள்ள நேபாளிகள் எல்லோரும் தேதி பார்க்க எங்கள் பூத்துக்குத்தான் வந்தார்கள். மாசா மாசம் சரியாகத்தான் இருந்தது. எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது.

அடுத்த வருஷம் விருச்சிகம் வந்தது. பிமலாவை எப்படியாவது ஊரிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று திலக் முடிவு செய்திருந்தான். கூட வேலை பார்த்தவன் ஒருவன் லீவில் போய்த் திரும்புகிற வழியில், எல்லை ஊரில் அவளுக்காகக் காத்திருப்பான். எந்த பஸ், எந்த இடம் என்பதைத் திலக் போனில் அவளிடம் நேரே சொல்ல வேண்டும். கடைக்காரனிடம் சொல்லிவைக்க முடியாது. அந்தக் காது எந்தப் பக்கத்துக் காது என்று யாருக்குத் தெரியும்? மங்சிர் பத்தாம் தேதி உப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் கடைத்தெருவுக்கு வருவதாக ஏற்பாடு.

விருச்சிகம் பத்து அன்று காலையிலேயே தலைவாரி வந்து கூண்டுக்குள் நுழைந்தான். உடனே லைன் கிடைத்தது. அதிர்ஷ்டம்தான் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு உள்ளே அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நேத்தே வந்திருக்கா அண்ணா. இருட்டற வரைக்கும் போன் பக்கத்திலயே இருந்தாளாம். கடைக்காரன் டீ கொடுத்தா குடிக்கல்லயாம். விடியறதுக்கு முன்னே திரும்பிப் போயிட்டா."

"நேத்து ஒம்பதுதானேடா?"

"இங்கெ ஒம்பது, அண்ணா. அங்கெ பத்து."

அந்த ஒரு மாசம் மட்டும் அவர்கள் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் முன்னாலேயே பிறந்துவிட்டது. சூரியன் ராசி மாறுகிற நேரத்தை அவர்கள் ஒரு விதமாகவும் நம்மவர்கள் ஒரு விதமாகவும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது, தெரிந்து என்ன செய்ய? மறுபடி வரச்சொல்லி ஆள் அனுப்பினான். அதற்குள் அந்தப் பக்கத்துப் போன் டவரைச் சண்டையில் தகர்த்துவிட்டார்கள். தினமும் வந்து கூப்பிட்டுப் பார்ப்பான். லைன் இல்லை என்று நேபாளியில் ஒரு பெண் குரல் ரெக்கார்டு பேசும். அதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் ரிசீவரை வைப்பான். எல்லையில் நின்றவன் பார்த்துப் பார்த்துவிட்டுத் தனியாக வந்து சேர்ந்தான்.

சீசன் முடியப்போகும் சமயத்தில் அவன் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். பிமலாவைக் காட்டுப் படைக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். திலக் அழவில்லை. "தேடிட்டு வரேன் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுநாளே ரயிலேறினான். என் குடையை அவனிடம் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடற்கரையில் ஈ காக்கா இல்லை, பூத் போன் அடித்தது. தூரத்து லைன். ஒரு பெண் குரல்.

"திலக்? திலக் பகதூர்?"

எங்கள் பூத் நம்பரைத் திலக் எப்போதோ ஊருக்கு எழுதி அனுப்பியிருந்தான். "பிமலா?" என்றேன். அந்தப் பக்கத்தில் அழுகையா சிரிப்பா என்று புரியாத ஒரு சத்தம். அவள் மூச்சுவிடாமல் ஏதேதோ சொன்னாள். தப்பித்து வந்துவிட்டாள் என்பது மட்டும் விளங்கியது, எந்த ஊர் என்பது விளங்கவில்லை. டிவி பார்த்துக் கற்ற என் ஹிந்தியைத் திரட்டி, திலக் இங்கே இல்லை, உன்னைத் தேடி கிராமத்துக்குப் போய்விட்டான் என்றேன். "காவ்? காவ்?" என்று இரண்டு தடவை கேட்டாள். கிராமத்துக்கா என்று. படையிலிருந்து தப்பியவள் இனித் திரும்பிப்போக முடியாத இடம் அது ஒன்றுதானே. பிறகு லைன் அறுந்துவிட்டது.

திலக் வரவில்லை. அவளும் அப்புறம் கூப்பிடவில்லை. எல்லோர் கையிலும் மொபைல் வந்தது, பூத்துக்கு ஆள் வருவது நின்றது. முதலாளி கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டார். போன் கனெக்‌ஷனைத் திருப்பி ஒப்படைக்கப் புறப்பட்டபோது, அதை மட்டும் இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்கலாமே என்று கெஞ்சினேன்.

"இனி யாருடா அதுல விளிக்கப் போறா?" என்றார்.

ஒப்படைத்துவிட்டு வந்தார். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் தெரிந்திருந்த நம்பர் அது ஒன்றுதான்.