பாம்பு கடித்த படம்

பேரன் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தரையில் கிடந்த தன் தங்கையிடம், "அசையாத, செத்த மாதிரி படு" என்றான். படம் எடுக்கிறார்களாம். நான் ஓடிப்போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டேன்.

அறுபதுகளில் என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் சின்ன சினிமா கேமராவை இரவல் வாங்கி, என்னையும் தங்கை செல்லத்தையும் அகரத்துக் கடலைக்காட்டுக்குக் கூட்டிப்போனார்.

"ஒரு கதை சொல்லு அப்பு, எடுப்போம்."

எனக்கு எட்டு வயது. தங்கையைப் பாம்பு கடிக்கிறது, அவள் செத்துப்போகிறாள், நான் அழுகிறேன் என்றேன். ஐந்து வயதுச் செல்லம் வரப்பில் விழுந்தாள். ஒரு நிமிஷம்கூடப் பொறுக்காமல் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

பிலிமைக் கழுவப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அது திரும்பி வருவதற்குள் வாந்திபேதி செல்லத்தை இரண்டே நாளில் கொண்டுபோய்விட்டது.

படம் வந்ததும் அப்பா புரொஜக்டரையும் இரவல் வாங்கிவந்து, கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் ஓட்டினார். செல்லம் விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள். அம்மா எழுந்துபோய்ச் சுவரைத் தடவினாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உசுரோட இருந்த புள்ளைய எதுக்குச் சாக வச்சு எடுத்தீக? அதனாலதான போயிட்டா!"

நான் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் அப்புடி நடிக்கச் சொன்னேன். ஏம் புத்திதான் கெட்டுப்போச்சு" என்றார்.

அம்மா கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. கதை என்னுடையது என்று அப்பா அவளிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.