கஞ்சி இறங்கும் நேரம்

கோமதிநாயகம் எழுந்து, செல்போன் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் கம்ப்ரெஷன் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திரையைப் பார்க்கவே வேண்டாம்.

காரின் முன்பக்கத் திரைக்கு மென்பொருள் செய்கிற எங்கள் ஒரகடம் கம்பெனியில், அன்றன்று எழுதியதையெல்லாம் சேர்த்துக் கட்டுகிற சாயங்கால பில்டு அவர் பொறுப்பு. கடைசியில் எல்லாக் கோப்புகளையும் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அவரை யாரும் தேடமாட்டார்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் டோக்கனைக் கொடுத்து வாங்கி, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்து சங்கரன்கோவிலுக்குப் பேசுவார்.

பேச்சா அது? "எம்மோவ், நாந்தான். ஆ காட்டு. இன்னும் ஒரு வாய். அன்னக்கிளி, தொண்டையில எறங்கிட்டான்னு பாருட்டி."

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவுக்கு, மகன் குரல் கேட்டால்தான் வாய் திறக்கும். தங்கை அன்னக்கிளி போனைக் காதருகே வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டுவாள். பொழுது சாய்ந்துவிட்டால் கிழவி தூங்கிப்போவாள், அப்புறம் எழுப்ப முடியாது. ஒவ்வொரு கரண்டிக்கும் இங்கே இவர் வாயும் தானாகத் திறக்கும். எதிரே போகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பாவி.

பில்டு ஓடுகிற கணினிக்கு எட்டு கோர், எட்டு மூளை மாதிரி. சுருக்கும் வேலையை ஒன்று மட்டும் செய்யும், மற்ற ஏழும் சும்மா கிடக்கும். ரேஷன் கடையில் எட்டு பேர் இருந்தும் ஒருவரே எடை போடுகிற கதைதான். வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு வரியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னாபா, இன்னும் சுருட்டிக்கினே கீதா?" என்பார் எங்கள் லீடர் சிவசங்கர், சேரப்பணஞ்சேரிக்காரர். இவர் தலையைச் சொறிவார்.

"கேட்டா பெர்மிஷன் குடுப்பாருல்லா?" என்றேன் ஒருநாள் கோமதிநாயகத்திடம்.

"ஊர்ல கெடக்குத அம்மைக்கு இங்கெருந்து கஞ்சி குடுக்கணும்னு கேக்கவா? சிரிக்க மாட்டானுவளா, தம்பி?"

இடையில் மாட்டிக்கொண்டது ஷெர்லின். மூட்டை தயாரானதும் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியவள். அதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயில் பிடிப்பாள். பக்கத்து வீட்டில் விட்ட குழந்தை, வாசலிலேயே அழுது தூங்கியிருக்குமாம். ஒரு சாயங்காலம் மேஜையில் தலை கவிழ்த்து அழுதேவிட்டாள். "அண்ணே, இதக் கொஞ்சம் சீக்கிரமா முடிக்க வழியே இல்லையா?"

கோமதிநாயகம் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். ஒன்றை அழித்துவிட்டு எட்டு என்று போட்டார்.

ஏழு நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஷெர்லின் பஸ்ஸுக்கு ஓடினாள். "சூப்பர்பா! இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று முதுகில் தட்டினார் சிவசங்கர். மூட்டை முடிந்தால் கோமதிநாயகம் உடனே அதைத் திரையில் ஏற்றிப் பார்க்க வேண்டும், இடத்தைவிட்டு நகர முடியாது. கேட்டுக்கு ஓடிப்போய் ஓடிவருவதற்குள் அம்மாவுக்கு நாலு கரண்டி இறங்கினால் பெரிது. குரலைப் பதிவு செய்து அனுப்பிப் பார்த்தார். கிழவி உதட்டைப் பிரிக்கவில்லை.

ஷெர்லின் லீவு எடுக்கிற நாளில் மட்டும் எட்டை ஒன்றாக்கிவிட்டு டோக்கனை எடுத்துக்கொண்டு எழுவார். நான் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவேன்.

ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வயது, நோய், எத்தனையோ காரணம். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னாலும் ஏறுமா? காரியம் முடித்து மொட்டைத் தலையோடு வந்தார். "தெம்பில்லாமத்தான் போயிட்டா, தம்பி" என்றார்.

நேற்று ஷெர்லின் லீவு. கோமதிநாயகம் எட்டை அழித்து ஒன்று போட்டார். டோக்கனோடு எழுந்து போனார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். போன் காதில் இருந்தது. பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர் வாய் மெல்லத் திறந்தது.